இரவல் சாட்சி

மார்ச் மாதக் கடைசியில், கடல் தாண்டி வந்தவர்கள் குடியேறின கிரேஹேவனில் கால் வைக்கிற இடமெல்லாம் சேறுதான். பனி உருகின தண்ணீர் உப்புப் புல்வெளியில் இறங்கும். கடல் ஏறும்போது அதுவும் சேர்ந்துகொண்டு ஊருக்குள் திரும்பி வரும். அந்த மாதத்தில் யாருக்கும் நல்ல சாப்பாடும் கிடையாது. போன வருஷத்து மக்காச்சோளம் பீப்பாயின் அடியில் கிடக்கும், அதிலும் பாதி எலி தின்றது. தாம்சின் அதைத்தான் உரலில் போட்டு இடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் அவள் புருஷன் ஓபேத் லார்க்கம் காலையிலிருந்து சிடார் கட்டை பிளந்துகொண்டிருந்த சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது. ஊர்க்கூட்டத்தில் என்ன முடிவானது என்று கேட்டுவர ஜெபக்கூடத்து வாசலுக்குப் போயிருந்தான்.

வாசல் வரைக்கும்தான் போக முடியும். ஊரில் பாதி வீடுகளின் கூரைப் பலகை ஓபேத் பிளந்தது. ஜெபக்கூடத்துக் கூரையும் அவன் வேய்ந்ததுதான். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே கூடுகிற ஊர்க்கூட்டத்தில் அவனுக்கு வாய் கிடையாது. சபையில் சேர்ந்த ஆணுக்குத்தான் அங்கே வாக்கு. சபையில் சேர வேண்டுமானால் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, கர்த்தர் தன் உள்ளத்தில் எந்த நாளில் எப்படி இறங்கினார் என்று சாட்சி சொல்ல வேண்டும். கேட்டவர்கள் மனசு நம்ப வேண்டும். ஆறு வருஷமாக ஓபேத்தை எல்லாரும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். "எனக்கு ஒண்ணும் நடக்கலையே, நடந்தாத்தானே சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டுக் கட்டை பிளக்கப் போய்விடுவான். பொய் பேசத் தெரியாத மனுஷன் என்று ஊரே அவனை மெச்சியது. மெச்சிக்கொண்டே வெளியே நிறுத்தி வைத்தது.

அவன் சேற்றை மிதித்துக்கொண்டு வருகிற விதத்தைப் பார்த்ததுமே தாம்சின் இடிப்பதை நிறுத்தினாள்.

"என்ன ஆச்சு?"

"சரிபாதி. ஒன்பது மக்காச்சோளம், ஒன்பது அவரை."

இந்த ஊரில் வாக்கென்றால் அதுதான். தொப்பி ஒன்று சுற்றி வரும். சம்மதமென்றால் மக்காச்சோள மணி, சம்மதமில்லையென்றால் அவரை விதை. தாம்சினின் தங்கை ஜோனும் அவள் கைப்பிள்ளையும் கிரேஹேவனில் தங்கலாமா என்பதுதான் அன்றைக்குத் தொப்பிக்குள் போன விஷயம்.

"சரிபாதின்னா?"

"ஏப்ரல் கூட்டத்துல மறுபடியும் போடுவாங்களாம். அதுக்குள்ள பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டா பேச்சே இல்லன்னு மூப்பர் ஹட்லி சொல்லுதார். குடுக்கலன்னா இன்னொரு அவரை எங்கேயிருந்தாவது வந்து விழும்னும் சொல்லுதார். அந்தாளு சொன்னா விழத்தான் செய்யும்."

ஜோன் அடுப்பங்கரையில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. போன அக்டோபரில் கப்பலிறங்கி வந்தவள், வந்த மூன்றாம் வாரம் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். நவம்பரில் பிள்ளை பிறந்தது. அதுவரைக்கும் ஊர் அவளைப் பார்த்து இரக்கப்பட்டது, ஆளுக்கொரு பாத்திரத்தில் பட்டாணிக் கூழ் கொண்டுவந்து கொடுத்தது. பிள்ளையை ஜெபக்கூடத்துக்குத் தூக்கி வரமாட்டேன் என்று அவள் சொன்ன நாளோடு கூழ் நின்றுபோனது. மற்ற பிள்ளைகளுக்குத் தண்ணீர் தெளிக்கும்போது எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பாள். அதுதான் மூப்பருக்குப் பொறுக்கவில்லை.

"ஜோன், ஒரு கை தண்ணிடி," என்றாள் தாம்சின். "பிள்ளைக்கு நெத்தியில ஒரு கை தண்ணி. குளிப்பாட்டுறதா நெனச்சுக்கோ."

"குளிப்பாட்டுறதுன்னு அவங்க சொல்லட்டும், இப்பவே தூக்கிட்டு வாரேன். அவங்க அப்படிச் சொல்லலையே. பேசத் தெரியாத பிள்ளை விசுவாசிக்குதுன்னுல்ல சொல்லுதாங்க. வேதத்துல எங்க இருக்குன்னு காட்டச் சொல்லு."

"உன்னைத் துரத்திட்டா எங்க போவ? உன்னை மாதிரி ஆளுங்களைச் சேத்துக்கிற ப்ராவிடென்ஸுக்கு நாப்பது மைல். நடுவுல வீடு கிடையாது, ஒண்ணு கிடையாது. இந்தக் குளிர்ல பிள்ளை தாங்குமா?"

ஜோன் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயப்படாதவளில்லை அவள். அது தாம்சினுக்கும் தெரியும்.

"தாங்காது," என்றாள். "எனக்குத் தெரியாதாக்கா? தெனமும் அதைத்தான் நெனச்சுட்டுக் கெடக்கேன். ஆனா கர்த்தர் பேரைச் சொல்லி மனசறிஞ்சு பொய் சொல்ல எனக்கு வரல. வந்தா சொல்லிருவேன்."

ஓபேத் சுவரில் சாய்ந்தபடி பூட்ஸிலிருந்த சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தான். "உன் தங்கச்சி என்னை மாதிரி," என்றான். அதில் பெருமையும் இருந்தது. தாம்சினுக்கு இரண்டு பேர் தலையிலும் உலக்கையாலேயே போடலாம்போல ஆத்திரம் வந்தது. இந்த இரண்டு நேர்மைக்கும் நடுவில் நாலு மாதப் பிள்ளை பனியில் சாகப்போகிறதே என்று அவளுக்கு அழுகையும் வந்தது.

மறுநாள் தண்ணீர் வற்றின நேரத்தில் சிப்பி தோண்டுவதற்கு ஓபேத்தையும் கூட்டிக்கொண்டு போனாள். சேற்றுத் திட்டில் இரண்டு பேரும் குனிந்து தோண்டினார்கள். கூடை பாதி நிறைந்ததும் தாம்சின் பேச்செடுத்தாள்.

"உங்களுக்கு ஒரு வாக்கு இருந்தா பத்தாயிரும்," என்றாள்.

"என்ன சொல்லுத?"

"வார ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லுங்க. சபையில சேருங்க. ஏப்ரல் கூட்டத்துக்கு முன்னாடி கோர்ட்டுல போய் வாக்குரிமைக்குச் சத்தியம் பண்ணிரலாம். ஒன்பது பத்தாயிரும்."

ஓபேத் நிமிர்ந்தான். "என்கிட்ட என்னட்டி இருக்கு சொல்ல?"

"என்கிட்ட இருக்கு."

அவனுக்குப் புரிய நேரமானது. சபையில் பெண்கள் எல்லார் முன்னாலும் வாய் திறப்பதில்லை. பெண்பிள்ளை சபையில் சேர வந்தால் போதகர் வீட்டு அறையில் உட்கார வைத்து, போதகர் மட்டும் கேட்பார். தன் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை, சகோதரியின் சாட்சியைக் கேட்டுத் திருப்தியானேன் என்று ஒரு வரி சொல்வார், அவ்வளவுதான். தாம்சின் சபையில் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. அவள் என்ன சொன்னாள் என்று போதகர் பெல்டனைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. கட்டின புருஷனுக்கும் தெரியாது.

"அவர் எழுதி வச்சிருப்பாரே."

"ஆறு வருஷம் ஆச்சு. எத்தன பேரு சொன்னதை எழுதியிருப்பார். ஞாபகமா வச்சிருக்கப்போறார்?"

ஓபேத் கூடையைக் கீழே வைத்தான். "என்ன சொன்ன அவர்கிட்ட?"

தாம்சின் சேற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைக் கடல் காற்றில், கையில் சேற்றோடு சொல்ல வேண்டியதாயிற்று.

"கப்பல்ல நம்ம அன்னாள் செத்தப்போ நீங்க கீழ வயித்துப்போக்குல கெடந்தீங்க. மேல நான் ஒருத்திதான். பாய்த்துணியில சுத்திக் கயித்தைக் கட்டி எறக்கினாங்க. நானும் குதிச்சிரணும்னுதான் நின்னேன். தைரியமில்ல. நாலு நாள் யார்கிட்டயும் பேசல. கர்த்தரைத் திட்டிட்டே இருந்தேன். அஞ்சாம் நாளு, பாவாடைக்கு மேல கட்டுற முன்கட்டுத் துணிப் பைக்குள்ள கை விட்டேன். பாதி ரொட்டித் துண்டு கெடந்துச்சு. கப்பல் ரொட்டி. அவ கடிச்சது. பல்லு பட்ட தடம் இருந்துச்சு. அவ சாகறதுக்கு முந்தின நாளு 'அம்மாவுக்கு'ன்னு குடுத்தது, நான் வாங்கிப் பையில போட்டு மறந்துட்டேன். பூசணம் புடிச்சுப்போயி கெடந்துச்சு. தூக்கிப் போட மனசு வரல. தின்னேன். மென்னுட்டு இருக்கும்போது... என்னன்னு சொல்ல. கோவம் எறங்கிப்போச்சு. என்னை யாரோ மன்னிச்ச மாதிரி இருந்துச்சு. பக்கத்துல ஆள் இருந்த மாதிரி. அதுக்கப்புறம் நான் தனியா இருந்ததே இல்ல."

ஓபேத்துக்கு முகமெல்லாம் கோணிப்போனது. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"என்கிட்ட சொல்லவே இல்லையேட்டி."

"சொன்னா நீங்க அழுவீங்க. அப்புறம் யாரு கட்டை பிளக்கிறது?"

"அவ குடுத்த ரொட்டியா?"

"ஆமா."

"அதை நான் தின்னேன்னு சொல்லணுமா?"

"சொல்லுங்க. நீங்களும் தோல் முன்கட்டு கட்டுறவர்தானே, பை இருக்கு. 'அப்பாவுக்கு'ன்னு மாத்திக்கோங்க."

அவன் மாட்டேன் என்றான். மூன்று நாள் மாட்டேன் என்றான். நாலாம் நாள் பனி மறுபடியும் கொட்டியது. கூரை இடுக்கு வழியாக விழுந்த பனித்தூள் பிள்ளையின் போர்வையில் படிந்து கிடந்தது. பிள்ளை இருமியது. ஓபேத் அதைத் தட்டிவிட்டான். கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்தபடி நின்றான். பிறகு தாம்சினிடம் வந்து, "முதல்ல இருந்து சொல்லு. மெதுவா சொல்லு," என்றான்.

ஜோனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவளே நேரே போய்ப் போதகரிடம் சொல்லிவிடக் கூடியவள். சாட்சி சொல்லும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு இருமலென்று அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஜெபக்கூடத்தில் நெருப்பு போடுவதில்லை. எல்லார் வாயிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கத்து பெஞ்சில் மூப்பர் ஹட்லியின் மனைவி திர்சாவுக்குப் பக்கத்தில் தாம்சின் உட்கார்ந்திருந்தாள். ஓபேத் எழுந்து நின்று முதல் வார்த்தையை இரண்டு தடவை தப்பாக எடுத்தான். ஊர் அதைக் கிருபையென்று எடுத்துக்கொண்டது.

"நான் நல்லா பேசத் தெரியாதவன்," என்று ஆரம்பித்தான். "என் மகளைக் கடல்ல எறக்கும்போது நான் மேல் தட்டுல நின்னேன்."

தாம்சின் ஒவ்வொரு வார்த்தையாக எண்ணிக்கொண்டு கேட்டாள். நடுவில் மறந்துவிடுவானோ என்றுதான் பயந்திருந்தாள். அவன் மறக்கவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையிலேயே சொன்னான். பல் பட்ட தடம் வந்ததும் நிறுத்தினான். உண்மையிலேயே அழுதான். அவனும் அப்பன்தானே, அவனுக்கும் அன்னாள் மகள்தானே. அந்த அழுகையில் பொய்யில்லை. மூப்பர் ஹட்லி குனிந்துகொண்டார், அவர் தோள் குலுங்கியது. திர்சா தாம்சினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கோவம் எறங்கிப்போச்சு," என்றான் ஓபேத். "அதுக்கப்புறம் நான் தனியா இருந்ததே இல்ல."

தாம்சின் தன் உள்ளே தேடினாள். ஆறு வருஷமாக அங்கே ஒரு இடம் இருந்தது. துக்கம் வந்தால், குளிர் வந்தால், பசி வந்தால் அவள் போய் நிற்கிற இடம். இப்போது அங்கே ஓபேத்தின் குரல்தான் கேட்டது. அவள் அதைக் கொடுத்துவிட்டாள். கொடுத்தால் தீர்ந்துபோகிற பண்டம் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

போதகர் பெல்டன் மேடையிலிருந்து எழுந்தார். எதையோ சொல்ல வாயெடுத்தவர் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சகோதரருக்கு எதிராகச் சொல்ல யாருக்காவது ஏதாவது இருக்கிறதா?" என்று வழக்கம்போலக் கேட்டார். யாரும் பேசவில்லை. ஆண்கள் எல்லாரும் கை தூக்கினார்கள்.

ஏப்ரல் கூட்டத்தில் பத்து மக்காச்சோளம் விழுந்தது, ஒன்பது அவரை விழுந்தது. ஜோன் தங்கலாம் என்று எழுதினார்கள். ஓபேத் வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டான். அன்றைக்கு நல்ல வெயில். ஆற்றில் மீன் ஏறத் தொடங்கியிருந்தது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று தாம்சின் நினைத்தாள், அல்லது நினைக்கப் பார்த்தாள்.

அந்த வாரம் திர்சா ஒரு கலயத்தில் பீர் எடுத்துக்கொண்டு வந்தாள். "உன் வீட்டுக்காரர் சொன்னது என் காதுலயே நிக்குது, தாம்சின்," என்றாள். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க போச்சு. ஒருத்தர்கிட்டயும் நான் பேசினதில்ல. அந்த ரொட்டித் துண்டைக் கேட்டதுல இருந்துதான் தூக்கம் வருது. நீயும் கேட்டுக்கோ, அவர்கிட்ட இருந்து உனக்கும் ஆறுதல் கெடைக்கும்."

"கெடைக்கும்," என்றாள் தாம்சின்.

"நீ அன்னிக்கு அழவே இல்லையே. கல்லு மாதிரி இருந்த. எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

தாம்சின் கலயத்தை வாங்கி வைத்துவிட்டு நன்றி சொன்னாள்.

மே மாதம், காலனி முழுவதற்கும் சட்டம் செய்கிற பாஸ்டன் பேரவைக்கு ஊர்ப் பிரதிநிதியை அனுப்பும் கூட்டம் வந்தது. விதைப்புக் காலத்தில் யாருக்கும் போக மனசிருக்காது. பன்னிரண்டு வருஷமாகப் போய்வந்த மூப்பர் ஹட்லிக்குக் கால் வீங்கிப் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. கூட்டம் கலைந்து ஓபேத் வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கையில் மடித்த காகிதம் ஒன்று. முகம் செத்துப்போயிருந்தது.

"என்னைப் போட்டுட்டாங்க," என்றான்.

"எதுக்கு?"

"பாஸ்டனுக்கு. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுன்னேன். வாசிக்க அங்க ஆள் இருக்கான்னாங்க. நான் தகுதியில்லாதவன்னேன். தகுதியில்லன்னு சொல்றவன்தான் தகுதியானவன்னாங்க. எனக்குள்ள கிருபையே இல்லவே, விடுங்கவேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அதுக்கு அந்தப் பயலுவ கண்ணுல தண்ணி வெச்சுட்டு எல்லாரும் மக்காச்சோளத்தையே போடுதானுவ. ஒரு அவரை கூட இல்ல. நான் வேற என்ன சொல்லட்டும்?"

"காகிதம் என்ன?"

ஓபேத் அதை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றான். அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் ஜோன் மட்டும்தான். பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு எடுத்து வாசித்தாள். ஊரின் பெயரால் பேரவைக்கு விண்ணப்பம். பச்சைப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கூடாது என்பவர்கள், அந்தச் சடங்கின்போது எழுந்து திரும்பி நிற்பவர்கள், இவர்களை ஒரு ஊர் ஏற்றுக்கொண்டாலும் காலனி முழுவதிலிருந்துமே வெளியேற்றச் சட்டம் செய்ய வேண்டும். கிரேஹேவனின் பிரதிநிதி ஓபேத் லார்க்கம் இதை ஒப்படைத்து ஊருக்காகக் கையைத் தூக்குவார்.

"இங்க தோத்ததை அங்க போய் ஜெயிக்கப் பாக்காங்க," என்றாள் ஜோன். ஆச்சரியப்பட்டவளாகத் தெரியவில்லை. "ஆனா உங்களை ஏன் அத்தான் போட்டாங்க? ஒரு மாசம் முன்னாடிதான் சபையில சேர்ந்தீங்க."

அதற்குமேல் மறைத்துவைக்க தாம்சினால் ஆகவில்லை. சொல்லிவிட்டாள். ரொட்டித் துண்டு, கப்பல், சிப்பித் திட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தது, எல்லாவற்றையும். ஜோன் கேட்டுக்கொண்டே காகிதத்தை மடித்தாள், மறுபடியும் பிரித்தாள், மடித்தாள்.

"எனக்காகவா?"

"பிள்ளைக்காக."

"ஒரு கை தண்ணிக்கு நான் பொய் சொல்லலன்னு உங்களை இந்தப் பாடு படுத்தியிருக்கேன். அந்தத் தண்ணியை அன்னிக்கே தெளிச்சிருந்தா..." அவளால் முடிக்க முடியவில்லை. "உன்னோட அன்னாளையே எடுத்துக் குடுத்துட்டியேக்கா."

ஓபேத் சொன்னான்: "நான் நாளைக்குக் காலைல போதகர்கிட்ட போய்ச் சொல்லிருதேன்."

"நீங்க சொன்னா அதையும் தாழ்மைன்னு எடுத்துப்பாங்க," என்றாள் தாம்சின். "நான் போறேன். என்னோடதுன்னு நான் சொன்னாத்தான் செல்லும்."

"சொன்னா என் வாக்கு செல்லாது. ஏப்ரல்ல போட்டதும் செல்லாது. ஜோன் ஒடனே போகணும்."

"சொல்லாட்டியும் சட்டம் வந்து போகத்தானே போறா. உங்க கையால போவா. அந்தப் பாவமாவது வேண்டாம்."

மறுநாள் காலை போதகர் பெல்டன் தன் வயலில் மக்காச்சோளக் குழிக்கு உரமாக மீன் போட்டுக்கொண்டிருந்தார். குழிக்கு இரண்டு மீன், மேலே மண், அதன்மேல் நாலு மணி. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், மீன் நாற்றம் வரப்பு வரைக்கும் வந்தது. நல்ல மனுஷன்தான். ஊர்க்காரர்கள் சம்பளத்தை மறந்த வருஷமும் பிரசங்கத்தை மறக்காதவர். தாம்சின் வரப்பில் நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் குனிந்தபடியே கேட்டார். மீன் போடுவதை நிறுத்தவில்லை.

"முதல் வாக்கியத்துலயே தெரிஞ்சுபோச்சு, சகோதரி," என்றார்.

தாம்சினுக்குக் காதை நம்ப முடியவில்லை.

"அந்த ரொட்டித் துண்டை நான் மறப்பேனா? இந்த ஊர்ல நான் கேட்ட சாட்சியிலேயே அதுதான் சத்தியமானது. வீட்டுக்குப் போய் புத்தகத்தை எடுத்துப் பாத்தேன். வார்த்தை மாறாம சொன்னான் உன் புருஷன்."

"அப்புறம் ஏன்யா தடுக்கல?"

"தடுக்கத்தான் எழுந்தேன். மூப்பர் அழுதுட்டு இருந்தார். இருபது வருஷப் பழக்கத்துல அவர் அழுது நான் பாத்ததில்ல. சபை முழுக்க அழுதுட்டு இருந்துச்சு." அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "வாலிபப் பயலுவ ஒருத்தனும் சாட்சி சொல்ல வரமாட்டேங்கான். பெரியவங்க ஒவ்வொருத்தரா போறாங்க. பத்து வருஷத்துல இந்த ஊர்ல கை தூக்க ஆள் இருக்காது. அப்போ பாஸ்டன்ல இருந்து ஆள் அனுப்பி நம்மளை ஆளுவாங்க. ராஜாவோட ஆட்சி வேண்டாம், நம்மளை நாமளே ஆளணும்னுதானே கடல் தாண்டி வந்தோம். எனக்கு ஆள் வேணும் சகோதரி. உனக்கு ஒரு வாக்கு வேணும்னு இருந்த மாதிரிதான்."

"அப்படின்னா ஜோனை விட்டுருங்க."

"அது என் கையில இல்ல. ஊர் கேட்குது. ஊர் கேட்டதைக் கொண்டுபோய்ச் சொல்றவன்தான் பிரதிநிதி. தன் இஷ்டத்தைச் சொல்றதுக்கா அனுப்புதோம்?"

தாம்சின் வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கினாள். "நான் சபையில எந்திரிச்சு நின்னு சொல்லுதேன். ஞாயித்துக்கிழமை."

போதகர் அவளைப் பார்த்த பார்வையில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"பொம்பளை சபையில பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியும். சொல்ல வேண்டியதை என்கிட்ட சொல்லணும். சொல்லிட்ட. நான் கேட்டுட்டேன்." இன்னொரு குழிக்குக் குனிந்தார். "ஓபேத்கிட்ட சொல்லு, தைரியமா கையைத் தூக்கட்டும். தூக்கலன்னா நான் புத்தகத்தைத் திறக்க வேண்டிவரும். பொய்ச்சாட்சிக்கு அவனுக்குச் சாட்டை, சொல்லிக்கொடுத்த உனக்குச் சபை நீக்கம். அந்த நெலமையை எனக்கு வைக்காதீங்க. நான் உன்கிட்ட கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

அவர் குரல் உடைந்தது. மெய்யாகவே கெஞ்சினார்.

பாஸ்டன் படகு மதியம் கடல் ஏறும்போது புறப்பட வேண்டும். ஓபேத் இரவல் வாங்கின கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். கோட்டு கை குட்டை. அவள் போதகர் சொன்னதைச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, சாட்டையையும் சொன்னாள். அவன் தலை குனிந்து கேட்டான்.

"தெரிஞ்சே விட்டுட்டாரா?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கு நான் அழுததையும் அவர் பாத்துட்டுத்தான் இருந்திருக்கார்."

தாம்சின் அவன் கோட்டுப் பித்தானைப் போட்டுவிட்டாள். "கையைத் தூக்குவீங்களா?" என்று கேட்டாள்.

அவள் எதிர்பார்த்தது ஒரு சொல். இல்லை என்று அவன் சொல்லியிருந்தால் அவள் சாட்டைக்கும் நீக்கத்துக்கும் துணிந்துதான் இருந்தாள். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் அழுதுவிட்டு மன்னித்திருப்பாள். ஆறு வருஷமாக, நடக்காததைச் சொல்லமாட்டேன் என்று நின்ற மனுஷன். அவன் காகிதத்தை உள்பைக்குள் வைத்தான். பூட்ஸைப் பார்த்தான். "நேரமாவுது," என்றான். இறங்கிப் போய்விட்டான்.

துறையில் ஊரே கூடியிருந்தது. சங்கீதம் பாடி வழியனுப்புகிற சத்தம் புல்வெளியைத் தாண்டி வீடு வரைக்கும் கேட்டது. திர்சாவின் குரல்கூடத் தனியாகத் தெரிந்தது. ஜோன் ஒரு மூட்டையைக் கட்டி முடித்திருந்தாள். சட்டம் வருகிறவரை உட்கார்ந்து காத்திருக்கிறவளில்லை அவள். பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"பனி போயிருச்சு," என்றாள் ஜோன். "பகல் பகலா நடந்தா நாலு நாள்ல போயிரலாம். நீ எதுக்கும் கலங்காதக்கா. நான் போயிட்டா அத்தானுக்கும் கையைத் தூக்கறது அவ்வளவு கஷ்டமா இருக்காது."

தாம்சின் பீப்பாய்க்குள் குனிந்து, மிச்சமிருந்த மக்காச்சோள மாவை முழுக்க ஒரு பைக்குள் தட்டிக் கட்டினாள். இரண்டு போர்வையை எடுத்துச் சுருட்டினாள். இரும்புச் சட்டியை எடுத்தாள்.

"இவ்வளவையும் நான் தூக்க முடியாதுக்கா."

"நீ பிள்ளையைத் தூக்கு. இதை நான் தூக்குதேன்."

"எவ்வளவு தூரம் வருவ?"

தாம்சின் அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள். தீ சீறி அணைந்தது. கதவைச் சாத்தாமலேயே வெளியே இறங்கினாள். துறைப் பக்கம் பாட்டு முடிந்து போதகர் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார், ஊர் ஆமென் சொல்லிக்கொண்டிருந்தது. புல்வெளிப் பாதையில் அவர்களைப் பார்க்க ஒருத்தரும் இல்லை.

"அந்த ஊர்ல பொம்பளை சபையில எந்திரிச்சுப் பேசலாமா?" என்று தாம்சின் கேட்டாள்.

"தெரியாதுக்கா."

"பேசக் கூடாதுன்னாலும் பரவால்ல," என்றாள் தாம்சின். "பேசறதுக்கு என்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல."